நெய்வேலியின் வட்டங்கள்

போன இதழில் பனமலை தாளகிரீசுவரர் கோயிலைப் பற்றி எழுதியிருந்தேன். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, சுவரில் மிஞ்சியிருக்கும் அந்த அம்மன் ஓவியம், மலையடிவார ஏரி என்று மூன்று பக்கம் போயிற்று. படித்துவிட்டு லிஃப்டில் பார்த்த சி பிளாக் சார் ஒருவர், "ஆயிரத்து முந்நூறு வருஷக் கதை எல்லாம் சரிங்க. நாங்க முப்பத்தஞ்சு வருஷம் இருந்த ஊரைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேங்கறீங்களே" என்றார். அவர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே பிளாட் வாங்கி வந்தவர். அவரைப் போல நம் குடியிருப்பில் இன்னும் சில குடும்பங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பனமலையும் நெய்வேலியும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான். ஆகவே இந்தக் காலாண்டுக்கு நெய்வேலி.

விழுப்புரத்தில் கும்பகோணம் பஸ் ஏறிப் பண்ருட்டி தாண்டினால், பலாவும் முந்திரியும் முடிகிற இடத்தில் ஆர்ச் கேட் வரும். நம்மில் பலர் அதைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருப்போம். வளைவுக்கு வெளியே கடை, விளம்பரப் பலகை, ஆட்டோ, நெரிசல். உள்ளே போனால் அகலமான சாலை, இருபுறமும் மரம், ஒலி குறைந்துவிடும். ஒரே மண், ஒரே வெயில், நடுவில் ஒரு வளைவுதான் இருக்கிறது. அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தொடக்கம் ஒரு கிணறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார், தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வருவதைக் கவனித்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். உடனே பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் விஷயம் அவசரமானது. சென்னை மாகாணத்துக்கு நிலக்கரி வங்காளம், பிகார் பக்கமிருந்து வர வேண்டும். போர்க்காலத்தில் கப்பலும் ரயிலும் ராணுவத்துக்கே போதவில்லை. 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இங்கே துளையிட்டுப் பார்த்தது. பழுப்பு நிலக்கரி பெரிய அளவில் இருப்பது உறுதியானது. (திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அந்தக் கல்மரங்கள் கிடக்கிற கடலூர் மணற்கல் படிவம்தான் நெய்வேலியிலும் நிலக்கரியை மூடிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்து மரம் கல்லானது, இன்னோரிடத்தில் கரியானது.)

சென்னை மாநில அரசு 1950-களின் தொடக்கத்தில் சோதனைக்கு ஒரு சுரங்கம் தோண்டிப் பார்த்தது. காமராஜர் முதலமைச்சரான பின் திட்டம் வேகம் பிடித்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. 1970-க்குள் அது 600 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. இவையெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் இருப்பவை, வேகமாகத் தாண்டிவிடுகிறேன். நமக்கு வேண்டியது இன்னொரு கேள்வி: இத்தனை ஆயிரம் தொழிலாளர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள்?

போர் முடிந்த அந்தப் பத்து வருடங்களில் உலகம் முழுவதும் இதே கேள்விதான். குண்டு விழுந்து வீடிழந்த பிரிட்டன் 1946-இல் புதிய நகரங்களுக்கென்றே சட்டம் போட்டது. போலந்தில் கிராக்கோவ் பக்கத்தில் 1949-இல் எஃகாலைத் தொழிலாளர்களுக்காக நோவா ஹூட்டா என்ற நகரம் எழுந்தது. நம் நாட்டில் பிரிவினை அகதிகள் ஒரு பக்கம், ஐந்தாண்டுத் திட்டத் தொழிற்சாலைகள் ஒரு பக்கம். 1952-இல் மத்திய அரசு தொழிலாளர் வீட்டு வசதிக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தது. 1954-இல் குறைந்த செலவு வீடுகளுக்கு என்றே தில்லியில் ஒரு பன்னாட்டுக் கண்காட்சி நடந்தது. சிந்திரி, சித்தரஞ்சன், பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று வரிசையாகத் தொழில் நகரங்கள் வந்தன. நெய்வேலி அந்த வரிசையில் பிறந்த பிள்ளை.

அதற்கு முன்பும் தொழிலாளர் குடியிருப்புகள் உண்டு. பெரம்பூரில் பின்னி ஆலையும், மதுரையில் ஹார்வி ஆலையும் தங்கள் ஆட்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவைதான். ஆனால் அவை ஏற்கெனவே இருந்த ஊருக்குப் பக்கத்தில் ஒட்டவைத்த தெருக்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழைய ஊர் இருந்தது. நெய்வேலியில் சுற்றிலும் கிராமங்கள் மட்டும். ஆகவே கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, தபால் நிலையம், விளையாட்டு மைதானம், சுடுகாடு வரை எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

அப்படி வரைந்ததில் கிடைத்ததுதான் வட்டம். ஆங்கிலத்தில் பிளாக் என்பார்கள், பெயர்ப்பலகையிலும் பேச்சிலும் 'வட்டம்'. "எந்த வட்டம்?" என்று கேட்டால்தான் நெய்வேலிக்காரருக்கு முகவரி புரியும். பெயர்தான் வட்டம், வடிவம் சதுரமும் செவ்வகமும். முக்கியச் சாலைகள் வட்டத்தைச் சுற்றிப் போகும், ஊடறுத்துப் போகாது. உள்ளே சிறு தெருக்கள். நடந்துபோகும் தூரத்தில் பள்ளி, பூங்கா, நாலைந்து கடை.

இந்த யோசனை நெய்வேலியில் பிறந்ததல்ல. கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர் 1929-இலேயே எழுதிவைத்தார்: ஒரு தொடக்கப் பள்ளி எத்தனை குடும்பத்துக்குப் போதுமோ அதுவே ஒரு குடியிருப்பின் அளவு, பள்ளிக்கூடம் நடுவில் இருக்க வேண்டும், குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்குப் போய்வர வேண்டும். போருக்குப் பின் கட்டிய நகரங்கள் பலவற்றில் இதன் சாயல் உண்டு. சண்டிகரின் செக்டாரும் இதற்கு உறவுதான். நெய்வேலி வட்டத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள், பெர்ரியின் பெயர் தெரியாமலே அவர் சொன்னது புரியும். சீருடைப் பிள்ளைகள் பெரியவர் துணையின்றிச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். நம் கேட்டுக்கு எதிரே பள்ளி வேனில் ஏற்றக் காலை எட்டு மணிக்கு நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின் நிலையம் சோவியத் உதவி, சுரங்கத்தில் மண் வெட்டிய ராட்சத எந்திரங்கள் ஜெர்மன் தொழில்நுட்பம். ஆனால் வீடுகள் அந்த நாடுகளைப் பார்த்து வரவில்லை. நோவா ஹூட்டாவில் தொழிலாளிக்கு அடுக்குமாடி, கீழே தூண் வரிசை, நடுவே சதுக்கம். நெய்வேலியில் பெரும்பாலும் தரைத்தள வீடு, முன்னும் பின்னும் மண். நிலம் தாராளமாக இருந்தது ஒரு காரணம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லையும் கிணறும் உள்ள வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பது இன்னொரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

என் அத்தை வீடு அப்படி ஒன்று. மாமாவுக்குத் தெர்மலில் வேலை. எழுபதுகளில் முழு ஆண்டு விடுமுறை விட்டால் பனமலையிலிருந்து என்னையும் தங்கையையும் அங்கே அனுப்பிவிடுவார்கள். இரண்டு வீடு ஒரே சுவரில் ஒட்டியிருக்கும். முன்னால் கம்பி போட்ட வராந்தா. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. சிவப்புச் சாயமிட்ட சிமென்ட் தரை. சுவரிலேயே பதித்த சிமென்ட் அலமாரி. கூரைக்குச் சற்றுக் கீழே வெண்டிலேட்டர், அதில் நிரந்தரமாக ஒரு குருவிக் கூடு. குளியலறையும் கக்கூசும் பின்பக்கம். மொத்த வீடும் நம் டூ பெட்ரூம் பிளாட்டின் பாதி இருந்தால் அதிகம். ஆனாலும் அந்த வீட்டை யாரும் சின்ன வீடு என்று சொன்னதில்லை. வீட்டில் நடக்கிற காரியங்களில் பாதி வெளியேதான் நடந்தது: துணி துவைப்பது, வடாம் காய்வது, பாடம் படிப்பது, மாமா பேப்பர் படிப்பது, கோடையில் எல்லோரும் படுப்பது.

ஒரு விஷயம் அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. மாமாவுக்கு நைட் ஷிப்ட் வந்தால் பகலில் தூங்குவார். அவ்வளவு சின்ன வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தால் எங்கே தூங்குவது? அத்தை எங்களைக் காலை டிபன் முடிந்ததும் பூங்காவுக்கு விரட்டிவிடுவார். பூங்காவில் பார்த்தால் தெருவின் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள், பாதி வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊரில் பூங்கா என்பது அழகுக்காக வைத்ததல்ல. அது இல்லையென்றால் தொழிலாளி தூங்க முடியாது, தூங்காமல் கொதிகலன் பக்கம் போக முடியாது. வரைபடம் போட்டவர் இதை நினைத்தாரோ இல்லையோ, வேலை அப்படித்தான் நடந்தது.

தண்ணீர் இன்னொரு ஆச்சரியம். எங்கள் ஊரில் ஏரி வற்றினால் கிணறும் வற்றும். அத்தை வீட்டில் குழாயைத் திறந்தால் வரும். காரணம் சுரங்கத்துக்குள் இருக்கிறது. கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரையே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். அப்படி இறைத்த நீர் மின் நிலையத்துக்கும் போயிற்று, ஊருக்கும் வந்தது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் இறங்கிப்போனதைப் பற்றிய விவசாயிகளின் மனத்தாங்கலும் அதே குழாயிலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே நிறுத்தி, இந்த ஊரைப் பற்றி நான் இன்றுவரை மனத்துக்குள் வழக்காடுகிற இடத்துக்கு வருகிறேன். அந்த வீடுகளில் ஒன்றுகூட அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. பதவி உயர்ந்தால் டைப் மாறும், வட்டம்கூட மாறும். அதிகாரிகளின் வீடு ஒரு பக்கம், தொழிலாளியின் வீடு ஒரு பக்கம் என்ற ஏற்றத்தாழ்வு வரைபடத்திலேயே இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஓய்வு பெற்றால் சில மாதங்களில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

மாமா கொல்லையில் ஒரு பலாக்கன்று நட்டார். அது காய்க்க ஏழெட்டு வருடமாயிற்று. அடிமரத்தில் தொங்கிய முதல் பழத்தைச் சாக்கில் சுற்றி எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் கொண்டுவந்தார். ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்த அன்று, லாரியில் சாமான் ஏறிய பிறகு அத்தை கொல்லைக்குப் போய் அந்த மரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். நான் அங்கே இருந்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்து வந்த குடும்பம் அந்தப் பழத்தைச் சாப்பிட்டிருக்கும். இவர்கள் குடிவந்த நாளில் வேறு யாரோ நட்ட முருங்கையில் இவர்களும் பறித்துச் சாப்பிட்டவர்கள்தான்.

ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகர், வடக்குத்துப் பக்கம் போனால் இதன் தொடர்ச்சியைப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவர்கள் பலர் நெய்வேலியை விட்டுப் போக மனமில்லாமல் வளைவுக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினார்கள். வீடு ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. தெருதான் குறுகல். ஒவ்வொருவரும் தம் மனையின் கடைசி அங்குலம்வரை சுவர் எழுப்பினார்கள். முப்பது வருடம் அகலத் தெருவில் வாழ்ந்தவர்களே சொந்தமாகக் கட்டும்போது தெருவுக்கு இடம் விடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய மூன்று சென்ட்டில் யார் எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும்? எல்லோருக்குமான இடத்தை ஒதுக்க அங்கே யாருக்கும் பொறுப்பு இல்லை, அவ்வளவுதான்.

வளைவுக்குள் இடம் கிடைக்காதவர்களையும் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. அந்தப் பரந்த வட்டங்களும் சுரங்கமும் வெற்றுநிலத்தில் வரவில்லை. அங்கே கிராமங்கள் இருந்தன. நிலம் கொடுத்து வெளியேறிய குடும்பங்கள், அவர்களில் வேலை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று இரண்டு மூன்று தலைமுறைகளாக அந்தக் கணக்கு தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் எந்திரம் இறங்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். அது புதிய செய்தியல்ல, 1950-களில் தொடங்கிய கதையின் இன்னொரு நாள். அதேபோல ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிரந்தரத் தொழிலாளி செய்கிற வேலைக்கு இணையான வேலையைச் செய்து, அந்த மர நிழல் சாலையில் சைக்கிள் மிதித்து வளைவுக்கு வெளியே போய்த்தான் தூங்கினார்கள். வீடு வேலையோடு ஒட்டிய சலுகையாக இருந்தால், வேலையின் தரம் பிரிந்த இடத்தில் ஊரும் பிரிந்துவிடும்.

மாமா வேலை பார்த்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார். நிறுவனத்தின் பெயர் 2016-இலேயே என்எல்சி இந்தியா ஆகிவிட்டது. நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை குறைய, பழைய குவார்ட்டர்ஸ்களில் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. சென்ற ஆண்டு போனபோது ஒரு வீட்டின் வெண்டிலேட்டர் வழியாக அரசமரம் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. தெருவின் நிழலுக்கு மட்டும் குறைவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியென்றால் அடுக்குமாடி தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. நெய்வேலியின் தாராளம் யாரோ விட்டுப்போன நிலத்தில் வந்தது. நாம் 84 குடும்பங்கள் ஒன்றே கால் ஏக்கரில் இருக்கிறோம். நெய்வேலி முறையில் வீடு கட்டினால் நமக்கு இன்னும் எத்தனை ஏக்கர் வயல் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கி வாழ்வது நியாயமான யோசனைதான். ஆனால் அடுக்கும்போது மிச்சமாகிற நிலத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கும் மரத்துக்கும் திருப்பித் தருவதாகத்தான் அந்த யோசனையின் கணக்கு. நமக்கு மிஞ்சியிருப்பது தெற்கு மதிலோரம் உள்ள அந்தத் துண்டு. மூன்று வேம்பு, ஒரு புங்கன், ஒரு சறுக்குமரம். வரும் பொதுக்குழுவில் அதை 14 கார்களுக்கான பார்க்கிங் ஆக்கும் தீர்மானம் வருகிறது.

கார் வைக்க இடமில்லாதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் வெளியே தெருவில்தான் நிறுத்துகிறேன், கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. இருந்தாலும் என் ஓட்டு மரங்களுக்குத்தான். இந்தக் கட்டுரையை அதற்கான பிரசாரம் என்று சிலர் சொல்லலாம், ஓரளவு உண்மைதான். எதிர்க்கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்குக் காத்திராமல் கூட்டத்துக்கே வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அத்தை வீட்டுப் பூங்காவை வைப்பதா எடுப்பதா என்று அத்தையை யாரும் கேட்டதில்லை. அதை நிர்வாகம் வரைந்தது, நிர்வாகமே பராமரித்தது. நம் மதிலோரத்தை முடிவு செய்வது நாம்தான், பத்திரத்தில் அதன் பிரிபடாத பங்கு நம் ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு நெய்வேலிக்கு ஒரு வேன் பிடிக்கலாம் என்று யோசனை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கட்டுபடியாகும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் இரண்டு மூன்று வட்டங்களை நடந்து பார்த்துவிட்டு, நடராஜர் கோயிலுக்கும் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். நடக்க முடியாதவர்கள் வேனிலேயே சுற்றலாம், சாலைகள் அதற்கு ஏற்றவை. சி பிளாக் சார் வழிகாட்டியாக வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தாம் இருந்த வீட்டு வாசலில் மட்டும் நிறுத்த வேண்டாம் என்று ஒரு நிபந்தனை போட்டார், பிறகு மறுநாள் காலை வாக்கிங்கில் பிடித்து, "ஒரு நிமிஷம் நிறுத்தினா போதும்" என்றார். பெயர் கொடுக்க விரும்புவோர் அசோசியேஷன் அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள்.